கத்திரி வெயிலில் ஒன்றரை சென்ட்

கருப்பசாமி காவல்

வெம்பக்கோட்டை,
சித்திரை 24.

அன்பு மாமாவுக்கு உங்கள் யோகலட்சுமி எழுதுவது. அத்தை, நான், ஸ்ரீமதி, முன்வீட்டில் உங்கள் அண்ணன், செல்லக்கனி அக்கா எல்லோரும் சுகம். அங்கே மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னீர்கள். அதில் ஒரு வாளி இங்கே அனுப்பி வையுங்கள். கத்திரி பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் பின்வாசல் தாழ்ப்பாளை முந்தானையால் பிடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் பட்டாளத்துப் போன் வாரத்துக்கு மூன்று நிமிடம். அத்தை ஒரு நிமிடம் அழுகிறார்கள். ஸ்ரீமதி ஒரு நிமிடம் பல் விழுந்த கதை சொல்கிறாள். உங்கள் அண்ணன் ஒரு நிமிடம் ஊர் நிலவரம் பேசுகிறார். என் கைக்கு வந்து நான் 'மாமா' என்பதற்குள் லைன் செத்துவிடுகிறது. போதாததற்கு ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கிறது. கடிதத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பத்தாவதில் தமிழில் தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கியவள் நான். நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கு மாசியில் போட்ட சீல் இன்னும் எடுக்கவில்லை. இருபது வருடம் மருந்து கலந்த கை, இப்போது காலையில் பேப்பரைப் புரட்டுகிறது, மத்தியானம் விசிறியைப் பிடிக்கிறது. பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது. போன வாரம் ஏஜெண்டு சீனிவாசகம் வந்தார். மருந்து அடைத்த வெடியை அவரே கொண்டுவந்து இறக்குவாராம், நாம் வீட்டிலேயே வைத்துத் திரி செருகி, சரம் பின்னிக் கொடுத்தால் போதுமாம். ஆடி பிறந்தால் தீபாவளி ஆர்டர் குவியும், அதற்கு முன்னால் இடம் தயாராக வேண்டும் என்றாராம்.

இடம் எது தெரியுமா? என் அடுப்படிச் சுவரை ஒட்டி, உங்கள் பங்குக்கு வந்த ஒன்றரை சென்ட். உங்கள் அண்ணன் பின்வாசலில் நின்று, "தம்பி இடம் சும்மாதான கெடக்கு யோகு. ஆனி பத்தாம் தேதி நல்ல நாளு. தகரக் கொட்டகை ஒண்ணு போட்ருவோம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. "சும்மா எங்க மச்சான் கெடக்கு? காய்கறித் தோட்டம் போடப் போறேன்ல" என்று சொல்லிவிட்டேன். சொல்லும் நிமிடம் வரை அப்படி ஒரு நினைப்பே எனக்குக் கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை, "கத்திரியில கல்லே வெடிக்கும், இவ வெண்டைக்கா போடப் போறாளாக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்த பிறகு பின்வாங்குவதற்கு என்னை யார் என்று நினைத்தார்கள்?

நான் பட்டாசுக்கு எதிரி இல்லை, உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வயதிலிருந்து திரி செருகுகிறேன். எங்கள் கம்பெனியில் என் வேகத்துக்கு இன்னொருத்தி கிடையாது. ஆனால் அங்கே அறைக்கு நாலு பேர், நாலு பக்கமும் கதவு. நுழையும்போது உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் வெற்றிடம். இங்கே கேஸ் அடுப்பு, டிவி, போன் சார்ஜர், சுவருக்கு இந்தப் பக்கம் பாயில் ஸ்ரீமதி. எம். புதுப்பட்டியில் எங்கள் சித்தியும் வீட்டில் வைத்துத்தான் திரி செருகினாள். ஒரு மத்தியானம் கூரையும் இல்லை, சித்தியும் இல்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை உங்களிடம் சொன்னேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

உங்கள் அண்ணனிடம் நேருக்கு நேர் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களைத் தூக்கி வளர்த்த மனிதர். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் பூத்த செடியை யாரும் பிடுங்க மாட்டார்கள். பூத்ததைப் பிடுங்கினால் குடி விளங்காது என்று முற்றத்தில் தானாக முளைத்த எருக்கலையைக் கூட அத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். ஆனி பத்துக்குள் என் தோட்டம் பூத்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

நேற்று கடப்பாரையால் கொத்தினேன். கரிசல் மண் பாளம் பாளமாகப் பெயர்ந்தது, உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். வெண்டையும் சீனியவரையும் தண்டங்கீரையும் போட்டிருக்கிறேன். மூன்றும் வெயிலுக்கு அஞ்சாத சாதி. கம்பெனியில் வாசலுக்கு ஈரச் சாக்கு போடுவோம் இல்லையா, அதே யோசனையில் விதைத்த இடம் முழுக்க ஈரச் சாக்கு விரித்து மூடிவிட்டேன். சாக்குக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன், குளுகுளு என்று இருக்கிறது. இந்த மூளை ஊரில் யாருக்கு வரும்?

போனில் கடைசியாக, "அண்ணன் சொல்றபடி கேட்டு நடந்துக்க" என்றீர்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலுறையை ஈரத்தோடு போடாதீர்கள்.

இப்படிக்கு,
தொண்ணூற்றிரண்டு மார்க்,
யோகலட்சுமி.


வெம்பக்கோட்டை,
வைகாசி 5.

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பனியில் எழுதினால் பேனா உறைந்துவிடும், பென்சிலில் எழுதுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன், மூன்று தடவை. குளிர், சாப்பாடு, கூட இருக்கும் ஹரிஷ்குமார் செய்கிற கோமாளித்தனம் எல்லாம் இருந்தது. கொட்டகையைப் பற்றி ஒன்றும் இல்லை. என் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்னால் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே நான் ஊர் சிரிக்க ஆளாகிவிட்டேன். ஐந்தாம் நாளே எல்லாம் முளைத்தது. ஸ்ரீமதி ஒவ்வொரு முளைக்கும் பெயர் வைத்தாள், பாதிக்கு அவள் வகுப்புப் பிள்ளைகள் பெயர். எட்டாம் நாள் இலை ஓரம் வெளுத்தது. பத்தாம் நாள் தீய்ந்த வத்திக்குச்சி போல வரிசையாகக் கருகி நின்றது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "கத்திரியில எவளாச்சும் விதைப்பாளா? படிச்ச புள்ளைக இப்பிடித்தான்" என்று என் காதுபடவே பேசினார்கள்.

அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். பிறகு அழுகிற நேரத்தில் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்ப்போம் என்று பார்த்தேன். மாமா, கேளுங்கள். சாக்கு விரித்த இடத்தில்தான் எல்லாம் செத்திருக்கிறது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கை தவறி விழுந்த வெண்டை விதை இரண்டு, ஒரு மூடாக்கும் இல்லாமல், மொட்டை வெயிலில் நாலு இலை விட்டு நிற்கிறது! வெயில் கொல்வதாக இருந்தால் முதலில் அதைத்தானே கொன்றிருக்க வேண்டும்?

அந்தச் சாக்கு எங்கே எடுத்தது தெரியுமா? மாடிப்படிக்குக் கீழே உங்கள் அண்ணன் அடுக்கி வைத்திருந்தது. கம்பெனி மூடினபோது கழிவில் கிடந்ததைக் கொண்டுவந்தாராம். மருந்து வந்த சாக்கு. வெடியுப்பு வந்ததோ, பச்சை உப்பு வந்ததோ, யார் கண்டது? அலசிக் காய வைத்ததுதான் என்று சொல்லியிருந்தார். நானும் நம்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, அதிலிருந்த உப்பையெல்லாம் கரைத்து என் கையாலேயே விதைக்கு ஊட்டியிருக்கிறேன். பதினான்கு வருடம் பட்டாசுக் கம்பெனியில் புழங்கினவளுக்கு இது தோன்றவில்லை என்றால் வெளியே சொன்னால் வெட்கம். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் அண்ணனிடம் போனேன். கருகின நாற்று ஒரு கை, பிழைத்த நாற்று ஒன்று, இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். "பாத்தீகளா மச்சான், வெயில் இல்ல. சாக்குல மருந்து இருந்திருக்கு. அலசுன சாக்குன்னுதான நீங்களும் நெனச்சீக" என்றேன். சண்டை போடப் போகவில்லை, உங்கள் மேல் சத்தியம். அவர் நாற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்தை விரல் நுனியில் தேய்த்தே எது என்று சொல்கிற மனிதர். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அந்தப் படிக்குக் கீழதான புள்ள சொப்பு வச்சு வெளையாடுவா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் பார்த்தால் படிக்குக் கீழே ஒரு சாக்கு இல்லை. அவரே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தோடு கொட்டகை எண்ணமும் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. சாக்கு வேறு, வேலை வேறு என்கிறார். வேலை இல்லாத மனிதரிடம் நியாயம் பேசுவது கஷ்டம். அவருக்கும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி அலுத்துவிட்டது.

நான் விடுவதாக இல்லை. பட்ட காலிலே படும் என்பார்கள், படட்டும். உப்பு இறங்கின மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து, ஊருக்கு வெளியே பாறைக் குழியில் கொட்டிவிட்டேன். ஆடு மாடு வராத இடமாகப் பார்த்துத்தான். வேலைக்குப் போகும் வேன் வருவதற்கு முன்னால் காலையில் பத்துச் சட்டி, திரும்பி வந்து பத்துச் சட்டி. கண்மாய் வறண்டு கிடக்கிறது, தூர் வாருகிறார்கள். தங்கப்பாண்டியன் பெரியப்பா டிராக்டரில் வண்டல் ஏற்றுகிறார் என்று கேள்விப்பட்டு, நம் வாசலில் ஒரு நடை தட்டிவிட்டுப் போகச் சொன்னேன். "எதுக்குத்தா?" என்றார். "வெண்டைக்காய்க்கு" என்றேன். மனிதர் சிரித்த சிரிப்பில் டிராக்டரே ஆடியது. ஆனால் தட்டிவிட்டுப் போனார்.

நாளை மறுபடி விதைக்கிறேன். ஆனி பத்துக்கு முப்பத்தைந்து நாள். சீனியவரை முப்பது நாளில் பூக்கும் என்கிறார்கள், வெண்டை நாற்பது என்கிறார்கள். நடுவில் எங்கேயாவது எனக்கு ஒரு பூ கிடைக்காதா?

உங்கள்,
யோகலட்சுமி.


வெம்பக்கோட்டை,
வைகாசி 28.

அன்பு மாமாவுக்கு வணக்கம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன லீவில் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் போனீர்களே, உங்கள் பட்டாளத்துப் பச்சைக் கொசுவலை, அதை எடுத்துவிட்டேன். நாலு மூலையில் கம்பு நட்டு, தோட்டத்துக்கு மேலே கூடாரம் போலக் கட்டியிருக்கிறேன். நல்ல நிழல். பாதி வெயில் இறங்குகிறது, பாதி தங்கிவிடுகிறது. அரசாங்கச் சொத்து என்று என் மேல் கேஸ் போடாதீர்கள். சுற்றிலும் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வேலி போட்டாயிற்று. எதிர்வீட்டு ஆடு இரண்டு தடவை மூக்கைக் குத்திக்கொண்டு, இப்போது தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி.

தண்ணீர்தான் பெரிய பாடு. குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தரம் வருகிறது. குடிக்கிற தண்ணீரை மண்ணில் ஊற்றினால் ஊர் என்னை உதைக்கும். அரிசி கழுவிய தண்ணீர், காய் அலம்பிய தண்ணீர், கடைசியில் ஸ்ரீமதி குளித்த தண்ணீர். அவளை அகலச் சட்டிக்குள் நிற்க வைத்துத்தான் குளிப்பாட்டுகிறேன். சோப்பு கிடையாது, பயத்தமாவுதான். "நான் குளிச்சாத்தான் வெண்டைக்காய்க்குத் தண்ணியா அம்மா?" என்று கேட்டவள், இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிக்கிறாள். முன்பு அவளைக் குளிக்க வைக்க ஊரைக் கூட்ட வேண்டும், நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

எங்கள் கம்பெனியில் குழாய் உருட்டுகிற இடத்தில் கோணலாகிப் போன காகிதக் குழாயைக் கழித்துப் போடுவார்கள். மருந்து ஏறாத, வெறும் காகிதம். இந்தத் தடவை மோந்து பார்த்து, நாக்கால் தொட்டுக்கூடப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். அதற்குள் வண்டலை அடைத்து, குழாய்க்கு ஒரு கத்தரி விதை. வெடி நிற்கிற மாதிரி தட்டில் வரிசையாக நின்று முளைத்தது. நாற்று வளர்ந்ததும் குழாயோடு குழியில் இறக்கிவிட்டேன், வேர் அசையவே இல்லை. எங்கள் போர்மேன் அருள்பாண்டி அண்ணன் கேள்விப்பட்டு, "திரிக்குப் பதிலா செடி செருகிட்டியா?" என்று கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது அறைக்கு அறை, கத்தரி நாற்று கேட்டு எனக்கு ஆர்டர் வருகிறது.

தண்டங்கீரை முந்தாநாள் பறித்தேன். கத்திரி வெயிலில் விதைத்து, கத்திரி கழிந்த பன்னிரண்டாம் நாள் கீரை. முதல் சட்டி அத்தைக்கு. சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்கள். அத்தை ஒரு பண்டத்தில் ஒரே ஒரு குறை சொன்னால் அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. நான் வேலைக்குப் போன நேரத்தில் மத்தியானம் யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். நான் வரும்போது மண் ஈரமாக இருக்கிறது. செல்லக்கனி அக்கா என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் போடப் போகிற கொட்டகை, அவரே வந்து என் செடிக்கு ஊற்றுகிறார். நேற்று அவர் வீட்டு வாசலில் ஒரு கட்டுக் கீரையை வைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் மாமா, இன்றோடு இருபத்திரண்டு நாள். தினமும் விடிந்ததும் விளக்கு எடுத்துக்கொண்டு போய் இலைக்கு அடியில் தேடுகிறேன். ஒரு மொட்டு இல்லை. செடி என்னவோ முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நிற்கிறது, பூக்க மட்டும் மாட்டேன் என்கிறது. பூக்காத செடி என்றால் அத்தையின் சட்டம் செல்லாது. கொட்டகைக்காரன் காலையில் வந்து அரை மணி நேரத்தில் வழித்துவிடுவான். உங்கள் அண்ணன் நேற்று அவனை வரச் சொல்லி, கயிறு பிடித்து அளந்துகொண்டு போகச் சொன்னார். கயிறு என் வெண்டைக்கு நடுவில் போனது.

உங்கள் இரண்டாவது கடிதமும் வந்தது. தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், சந்தோஷம். கொட்டகையைப் பற்றி இந்தத் தடவையும் ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
யோகலட்சுமி.


வெம்பக்கோட்டை,
ஆனி 18.

அன்பு மாமாவுக்கு,

எட்டு நாளாக உங்களுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நல்ல செய்தி.

பூத்துவிட்டது. ஆனி ஒன்பதாம் தேதி சாயங்காலம் வரை மொட்டுதான். சீனியவரையில் பச்சைப் பாசி மணி மாதிரி கொத்துக் கொத்தாக நின்றது, வெண்டையில் கூம்பிய மொட்டு. மொட்டு பூவில் சேர்த்தியா என்று அத்தையிடம் நைசாகக் கேட்டேன். "மொட்டு மொட்டுதான், பூ பூதான்" என்று சொல்லிவிட்டார்கள். பத்தாம் தேதி விடிகாலையில் போனேன். மூன்று வெண்டைப் பூ. மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. கொசுவலைக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்றேன் மாமா. நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட எனக்கு இப்படிப் படபடக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். சீனியவரையிலும் ஊதா நிறத்தில் பொடிப் பூ இருபதாவது இருக்கும்.

ஏழு மணிக்குக் குட்டியானை வண்டியில் கம்பும் தகரமும் வந்து இறங்கியது. கொட்டகைக்காரன் மண்வெட்டியோடு உள்ளே வந்தவன் பூவைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். "அண்ணே, பூத்து நிக்குதுண்ணே. எம்பொண்டாட்டி முழுகாம இருக்கா. நான் கைய வைக்க மாட்டேன்" என்றான். உங்கள் அண்ணன் மண்வெட்டியை வாங்கினார். அப்போது அத்தை பின்வாசலில் வந்து நின்றார்கள். கண்ணுக்கு மேலே கையை வைத்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த அதே அத்தைதான், "ஏலே, பூத்ததுல மம்பட்டிய வச்சேன்னா இந்த வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். கத்திரியில போட்டு எம்மருமக பூக்க வச்சிருக்கா, எவ வைப்பா இந்த ஊருல?" என்றார்கள். எம்மருமக என்றார்கள், மாமா. பத்து வருடத்தில் முதல் தடவையாகத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

அன்றைக்கு ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவல் மென்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கத்தரி நாற்று கொடுத்தேன், காகிதக் குழாயோடு. போன சனிக்கிழமை முதல் வெண்டைக்காய் பறித்து வதக்கினேன். முதல் தட்டு உங்கள் அண்ணனுக்கு வைத்தேன். குனிந்தபடியே சாப்பிட்டார். கையைக் கழுவும்போது, "கெட்டிக்காரித்தா நீ" என்றார். மனதிலிருந்து வந்த வார்த்தை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இனி நான் எழுதாமல் இருந்த காரணம். பத்தாம் தேதி கொட்டகைக்காரனை அனுப்பிவிட்டு, உங்கள் அண்ணன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். கம்பும் தகரமும் சுவரில் சாத்தியபடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "செடி காச்சு ஓயட்டும் யோகு. ஆவணியில போட்டுக்குவோம். தம்பி அப்பவே சரின்னுட்டானே, என்ன அவசரம்" என்றார்.

உள்ளே போய்க் கழுவின சட்டியையே மறுபடி கழுவினேன். பிறகு செல்லக்கனி அக்காதான் சொன்னார், சித்திரையில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் போனிலேயே, நான் அடுப்படிக்குள் போயிருந்த நேரத்தில் சொல்லிவிட்டீர்களாம். நான் கொப்புளத்தோடு மண் கொத்தின அன்றைக்கே நீங்கள் சரி சொல்லி மூன்று நாள் ஆகியிருந்ததாம்.

எட்டு நாள் கோபமாக இருந்தேன். இப்போது கோபம் பாதிதான் இருக்கிறது. மூன்று நிமிடப் போனில், வீடே கேட்டுக்கொண்டிருக்கும்போது, பதினான்கு வயதில் கம்பெனிக்குப் போய் உங்களைப் படிக்க வைத்த அண்ணனிடம் முடியாது என்று யாரால் சொல்ல முடியும்? நானே காய்கறித் தோட்டம் என்று பொய்தானே சொன்னேன்? பொய் சொன்னதற்கு நான் இரண்டு மாதம் உழைத்துத் தீர்த்துவிட்டேன்.

வெண்டை ஆவணி வரைக்கும்தான் காய்க்கும், மாமா. அதற்கு மேல் அத்தையாலும் காப்பாற்ற முடியாது. மறுபடி விதைக்கலாம், ஒவ்வொரு தடவையும் பூவை எண்ணிக்கொண்டு என்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. எங்கள் கம்பெனியில் இப்போதுதான் மருந்து கலவைக்கு அனுபவமான ஆள் கேட்கிறார்கள். லைசென்ஸ் உள்ள இடம். அருள்பாண்டி அண்ணனிடம் உங்கள் அண்ணன் பெயரைச் சொன்னதும், "அவரு வருவாரா?" என்று எழுந்தே நின்றார். நான் சொன்னால் உங்கள் அண்ணன் போக மாட்டார். தம்பி பெண்டாட்டி சிபாரிசில் வேலைக்குப் போவதா என்று அவருக்குக் கௌரவம். நீங்கள் சொன்னால் போவார். தம்பி சொன்னான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே போவார்.

இந்த உறைக்குள் ஒரு இன்லேண்ட் லெட்டர் வைத்திருக்கிறேன். வெளியே உங்கள் அண்ணன் பெயரும் விலாசமும் நானே எழுதிவிட்டேன். உள்ளே வெறும் தாள். அங்கே ஸ்பீக்கர் கிடையாது, யாரும் சுற்றி நிற்கவில்லை. நேரமும் உங்களுக்கு நிறைய இருக்கிறது. 'என் பங்கில் கொட்டகை வேண்டாம் அண்ணே, யோகு கம்பெனிக்கு வேலைக்குப் போங்கள்' என்று இரண்டு வரி. பென்சிலில் எழுதினாலும் போதும்.

எழுத மனம் வரவில்லை என்றால் வெறும் தாளாகவே ஒட்டி அனுப்பிவிடுங்கள். அவர் பிரித்துப் பார்ப்பார், ஒன்றும் விளங்காமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். எனக்கு விளங்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்ரீமதி எந்த வீட்டில் தூங்குவாள் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் நிற்கிற மலையில் காற்றும் பனியும் உங்களைத் தொடாமல் கருப்பசாமி முன்னால் நிற்கட்டும். நாட்டின் எல்லையில் காவல் நிற்கிறவரின் பெண்டாட்டி என்று இந்த ஊரில் நான் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன். உங்கள் ஒன்றரை சென்ட்டுக்கு இத்தனை நாள் நான் ஒருத்தியாக நின்றுவிட்டேன். இனி நீங்களும் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
யோகலட்சுமி விக்னேஷ்வரன்.